கழிவுக்குட்டைக்குப் பின்னாடி ஆள இழுக்குற கொடி: மில்லுல நைட் ஷிப்ட் பாக்குற தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மேல நீங்க கேட்டது மனுசன பிடிச்சு சாப்பிடுற செடி உலகத்துல இருக்கா, அறிவியல்படி அப்படி ஒண்ணு வர முடியுமான்னு. ஆனா கீழ எழுதியிருக்கிற விவரத்த பாத்தா கேள்வி அது இல்லன்னு படுது. உள்ள காட்டுக்குள்ள இருக்கிற செம்பனை எண்ணெய் மில்லுல சேந்து மூணு வாரம் ஆகுது, நைட் ஷிப்ட், கடைசி கழிவுக்குட்டைக்குப் பின்னாடி பள்ளத்துல ஒரு கொடி இருக்கு, ராத்திரி தனியா போனா கால சுத்தி கீழ இழுத்துடும், முன்ன ரெண்டு பேர் அப்படித்தான் போனாங்கன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க, உங்கள வேற அந்த பக்கமே பம்ப் பாத்துட்டு வான்னு மண்டோர், அதான் மேஸ்திரி, அனுப்புறாரு, போறதா வேணாமா. இதானே?

நான் பினாங்கு மிண்டென் யுனிவர்சிட்டியில தாவரவியல் படிச்சவன், படிச்சதுக்கு வேலை கிடைக்காம ஒரு மில்லு லேப்ல எண்ணெய் சாம்பிள் பாக்க சேந்து, அப்புறம் சேஃப்டி ஆபிசர் ஆகி மலேசியாவுல பேராக், கெடா, பகாங்னு 20 வருசத்துக்கு மேல மில்லு மில்லா சுத்துனவன். இப்ப ரிட்டையர் ஆகி ஆயர் ஈத்தாம்ல பேரப்புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்தி இறக்கிட்டு இருக்கேன். செடியும் கொஞ்சம் தெரியும், மில்லும் கொஞ்சம் தெரியும். டாக்டர் கிடையாது, உங்க மில்ல கண்ணால பாத்ததும் கிடையாது, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

செடிய முதல்ல முடிச்சுடறேன், ஏன்னா இந்த பகுதியில எனக்கு சந்தேகமே இல்ல. ஆள பிடிச்சு இழுக்குற செடி கிடையாது, வரவும் வராது. காரணம் சாப்பாட்டு கணக்கு. நம்ம நாட்டுல பகல் ராத்திரி சேத்து சராசரி போட்டா ஒரு சதுர மீட்டர்ல விழுற வெயில் 200 வாட் கிட்ட வரும். அதுல 1 சதவீதத்த இலை சக்கரையா மாத்துனாலே நல்ல இலைன்னு சொல்லலாம், அப்ப கையில நிக்கிறது 2 வாட். ஒரு மனுசன் ஒண்ணுமே செய்யாம நாற்காலியில உக்காந்திருக்கவே 100 வாட் செலவாகுது. தோட்டத்துல செம்பனைய 9 மீட்டர் முக்கோணத்துல நடுவாங்க, ஹெக்டருக்கு 140 மரம் கிட்ட நிக்கும், ஒரு மரத்துக்கு கிடைக்கிற இடம் 70 சதுர மீட்டர் சொச்சம். ஆக அவ்ளோ பெரிய மரம் நாள் முழுக்க வெயில் காஞ்சு சம்பாதிக்கிறது ஒரு ஆள் உக்காந்து தே தாரேக் குடிக்கிற செலவுக்கு கொஞ்சம் மேல, அதுலயே மட்டை விடணும் குலை போடணும் வேர் இறக்கணும். இதுல எங்க இருந்து 70 கிலோ ஆள பிடிச்சு, திமிற திமிற இழுக்குறது?

யாராவது உடனே வீனஸ் ஃப்ளைட்ராப் இருக்கேன்னு கேப்பாங்க. இருக்கு. அமெரிக்காவுல கரோலைனா பக்கத்து செடி அது, பூச்சி உள்ள இருக்கிற முடிய ரெண்டு தடவ தொட்டா ஒரு விநாடியில பத்துல ஒரு பங்கு நேரத்துல இலை மூடிக்கும். தண்ணிக்குள்ள வளர்ற யூட்ரிகுலேரியான்னு ஒண்ணு இன்னும் மோசம், அதோட பை ஒரு மில்லி விநாடிக்குள்ள உறிஞ்சிடும், கண்ணுக்கே தெரியாது. அதனால செடிக்கு வேகமே கிடையாதுன்னு சொன்னா அது தப்பு. ஆனா அந்த வேகம் எல்லாம் முன்னமே வளைச்சு வச்ச வில்ல விடுற மாதிரி, ஒரு தடவ விட்டா மறுபடி நாணேத்த நேரம் ஆகும், அளவும் ஈ, எறும்பு, தண்ணிப்பூச்சி அவ்ளோதான். தசை கிடையாது, செல்லுக்குள்ள தண்ணி ஏறி இறங்குறதுலதான் எல்லா அசைவும், தொட்டாசிணுங்கி சுருங்குறதும் அதே வேலைதான்.

நம்ம ஊருல பாக்கணும்னா பினாங்கு கொடிமலைக்கு ஏறிப் போங்க, அங்க குடுவைச்செடி காட்டுலயே வளருது, மங்கி கப்புன்னு சொல்வாங்களே அது. அதுல ஒரு வகை, வாயிக்கு கீழ வெள்ளையா ஒரு பட்டை இருக்கும், அந்த வெள்ளைய திங்க கரையான் கூட்டம் வரும், தின்னுட்டே வழுக்கி நூறு நூறா உள்ள விழும். சபாவுல கினபாலு மலையில பெரிய வகை ஒண்ணு இருக்கு, லிட்டர் கணக்குல தண்ணி பிடிக்கிற குடுவை, எலி செத்து கிடந்தத 1800கள்லயே பாத்து எழுதி வச்சிருக்காங்க. ஆனா கவனிங்க, குடுவைச்செடி எதையும் பிடிக்கறதே இல்ல. வாய் வழுக்கும், உள்ள பள்ளம், பள்ளத்துல கெட்ட தண்ணி, அவ்ளோதான் அதோட முழு ஆயுதமும். விழுறது நம்ம வேலை. இந்த விசயத்த கொஞ்சம் ஓரமா வையுங்க, திரும்ப வருவேன்.

இப்ப உங்க கொடி. படம் போடல, ஆனா மூணு மூணு இலை, ஒவ்வொண்ணும் கை அகலம், வெயில்லயும் வாடாது, வெட்டி விட்டா மாசத்துல மறுபடி மூடிடுதுன்னு எழுதியிருக்கீங்க. அது முக்குனாவா இருக்கத்தான் பத்துக்கு ஒம்போது வாய்ப்பு, முக்குனா பிராக்டியேட்டா, நம்ம பூனைக்காலிக்கு சொந்தக்காரன். 1990கள்ல இந்தியாவுல இருந்து கொண்டு வந்து தோட்டத்துல புல்லு முளைக்காம இருக்க வேணும்னே நட்டது. ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல ஓடும், விட்டா செம்பனைக்கன்னு மேலயே ஏறி அமுக்கிடும், பைப்பு, வேலி, பழைய டிராக்டர், எது நின்னாலும் போர்வை போத்தின மாதிரி ஆக்கிடும். ஆபத்து அந்த போர்வையிலதான். கீழ மூடாத பாரிட்டு, அதான் வாய்க்கால், இருக்கலாம், பழைய சம்ப்பு, அதான் கழிவுத்தண்ணி தேங்குற பள்ளம், இருக்கலாம், மேல பாத்தா எல்லாம் ஒரே பச்சை. ராத்திரி டார்ச் லைட்டோட ஒரு ஆள் மேல கால வைக்கிறான், கால் இறங்குது, முழங்கால் வரைக்கும் கொடி நார் சுத்திக்குது, உதற உதற இறுகுது. அவன் வெளிய வந்து என்ன சொல்வான்? கொடி பிடிச்சு இழுத்துச்சுன்னுதான் சொல்வான், அவன் அளவுல அது பொய்யும் இல்ல.

அந்த கதைய சிரிச்சு தள்ளிடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, அதுக்கு ஈப்போ வரைக்கும் போகணும். ஈப்போ டவுனுக்கு அந்த பேர் வந்ததே ஒரு மரத்தாலதான், ஈப்போ மரம், நம்ம நாட்டு பூர்வகுடி ஓராங் அஸ்லிங்க ஊதுகுழல் அம்பு முனையில தடவுற விசப்பால் அதுல இருந்துதான் வரும். ரத்தத்துல கலந்தா இதயத்த நிறுத்தும், அது நிஜம். நிழல்ல நின்னா ஒண்ணும் ஆகாது, அதுவும் நிஜம், ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல ஒரு மரம் நிக்குது, ஜனங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கறாங்க. ஆனா 1783ல லண்டன்ல ஒரு பத்திரிகையில என்ன எழுதுனாங்க தெரியுமா, ஜாவாவுல இதே மரம் ஒண்ணு தனியா ஒரு பள்ளத்தாக்குல நிக்குதாம், சுத்தி பல மைல் தூரத்துக்கு புல் கிடையாது, பறவை பறந்தா விழுந்து சாகும், மரணதண்டனை கைதிங்கள பால் எடுக்க அனுப்புனா பத்துல ஒருத்தன்தான் திரும்புவான்னு. டச்சுக் கம்பெனி டாக்டர்னு சொல்லிக்கிட்ட ஒரு ஆள் பேர்ல வந்தது, ஐரோப்பா முழுக்க நம்பிடுச்சு.

மரத்தப் பத்தி எழுதுனது அப்பட்டமான புளுகு. ஆனா பள்ளத்தாக்கு புளுகு இல்ல. ஜாவாவுல டியேங்னு எரிமலைச் சமவெளி ஒண்ணு இருக்கு, அங்க சில பள்ளங்கள்ல மண்ணுக்குள்ள இருந்து கார்பன் டைஆக்சைடு கசிஞ்சு தேங்கி நிக்கும், காத்த விட கனம்ல, மேல எழும்பாது. நாய், கோழி, பறவை இறங்குனா அங்கேயே சாயும். 1979 பிப்ரவரியில அதே டியேங்ல கேஸ் வெளியாகி 140 பேருக்கு மேல செத்தாங்க, வீட்ட விட்டு ஓடிட்டு இருந்தவங்க ரோட்டுலயே வரிசையா விழுந்து கிடந்தாங்க. அந்த பழைய கதையில மரத்த தூக்கிட்டு கேஸ வச்சு பாருங்க, பறவை விழுறதுல இருந்து ஆள் திரும்பாதது வரைக்கும் பாதி பொருந்தும். இப்படி மரமும் பள்ளமும் கலந்துதான் அந்தக் கதை வந்திருக்கணும்னு பல பேர் எழுதியிருக்காங்க, நிரூபிச்ச விசயம்னு நான் சொல்லல, ஆனா எனக்கு அது ரொம்ப சரியா படுது. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு ஆள கொல்லுது, பக்கத்துல கண்ணுக்குத் தெரியிறது மரம் மட்டும்தான், பழி மரத்து மேல போய்டுச்சு.

இப்ப உங்க கேள்வியில என்ன தூக்கி உக்கார வச்ச அந்த வரிக்கு வரேன். பழைய ஜாகா, அதான் காவல்காரர், சொன்னதா நீங்க எழுதியிருக்கீங்க: "முதல்ல அழுகுன முட்டை நாத்தம் வரும், அப்புறம் நாத்தம் திடீர்னு நின்னுடும், நின்னா ஓடிடணும், அப்பதான் அது கால பிடிக்கும்." தம்பி, இத அவர் எந்த புத்தகத்துலயும் படிச்சிருக்க மாட்டாரு, ஆனா நான் கோர்ஸ் கோர்ஸா படிச்சு பாஸ் பண்ணது இதேதான். அழுகுன முட்டை நாத்தம்னா ஹைட்ரஜன் சல்ஃபைட். ஒரு பிபிஎம், அதாவது காத்துல பத்து லட்சத்துல ஒரு பங்கு, அதுக்கு கீழயே மூக்குக்கு தெரிஞ்சிடும். எட்டு மணி நேர வேலைக்கு நம்ம சட்டத்துல விட்டிருக்கிற அளவு 10 பிபிஎம். 100ஐ தாண்டுறப்ப மூக்கு நரம்பு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, கேஸ் போய்டுச்சுன்னு நினைப்போம், உண்மையில ஏறியிருக்கும். 500, 700னு போனா தலை சுத்தும், கால் துவளும், ஆயிரத்துக்கு பக்கத்துல போனா ரெண்டு மூச்சு, அவ்ளோதான், நின்ன இடத்துல சாய்வான். காத்த விட இதுவும் கனம், பள்ளம் பாத்து தேங்கும். ராத்திரி காத்து அசையாதப்ப கூட தேங்கும், பகல்ல ஒண்ணும் இல்லாத இடம் விடியக்காலம் ஆபத்தா இருக்கலாம்.

மில்லுல இது எங்க இருந்து வருதுன்னு கேட்டீங்கன்னா, ஒரு டன் எண்ணெய் எடுக்க ரெண்டரை மூணு டன் கழிவுத்தண்ணி வரும், சூடா, எண்ணெயும் நாருமா, அது காத்து படாத குட்டையில வாரக்கணக்குல அழுகும். வர்றதுல பெரும்பங்கு மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும், கூட கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைட். குட்டை மேல திறந்த காத்துல பெரும்பாலும் கலைஞ்சு போய்டும். பிரச்சன பம்ப் பள்ளம், மூடி போட்ட சம்ப்பு, அடியில படிஞ்ச சேறு. முன்ன ஓரமா வைக்கச் சொன்ன குடுவைச்செடி மாதிரிதான், அது எதையும் பிடிக்கறது இல்ல, விழுறது நம்ம வேலை. சேத்த கலக்குனா, பம்ப் அடைப்ப எடுக்கறேன்னு குச்சி விட்டு குத்துனா, அடியில பிடிச்சு வச்சிருந்த கேஸ் ஒரே மூச்சா கிளம்பும். செடி ஆள கொல்லும்னா இப்படித்தான் கொல்லும், செத்து அழுகிட்டு இருக்கிறப்ப.

இத நான் ஏட்டுல மட்டும் பாக்கல. வேலைக்கு சேந்த புதுசுல, ஒரு மில்லு, பேர் வேணாம், பம்ப் பாக்குற ஆள் ஒருத்தர் நார் அடைச்சுக்கிச்சுன்னு சம்ப்புல ஏணி போட்டு இறங்குனாரு. மூணு மீட்டர் இருக்குமா, அதுக்குள்ளதான். சத்தம் இல்ல. ரெண்டாவது ஆள் எட்டிப் பாத்துட்டு "அண்ணே"ன்னு கூப்டுக்கிட்டே இறங்குனான், அவனும் விழுந்தான். நான் சத்தம் கேட்டு ஓடிப் போய், தாவரவியல் படிச்ச பெரிய மனுசன், நானும் ஏணியில கால வச்சுட்டேன். மண்டோர் பின்னாடி இருந்து பெல்ட்ட பிடிச்சு இழுத்து தரையில தள்ளி மேல உக்காந்துட்டாரு, கெட்ட வார்த்த சொல்லி திட்டுனாரு, அந்த திட்டுலதான் இன்னைக்கு உங்களுக்கு எழுதிட்டு இருக்கேன். காத்தாடி வச்சு காத்து அடிச்சு, தீயணைப்பு ஆளுங்க மூச்சு சிலிண்டர் போட்டு வந்து தூக்குனாங்க. ரெண்டாவது ஆள் பொழைச்சான். முதல் ஆள் இல்ல. பொழைச்சவன் ஆஸ்பத்திரியில சொன்னது இன்னும் காதுல இருக்கு, "காலு ரெண்டையும் யாரோ கயிறு போட்டு கட்டுன மாதிரி இருந்துச்சு சார், ஏறலாம்னு பாத்தா கீழயே இழுக்குது."

ஒரு வருசம் கழிச்சு அதே மில்லுக்கு புதுசா வந்த பங்களாதேஷ் பையன் ஒருத்தன் என்கிட்டயே வந்து சொல்றான், சம்ப்பு பக்கம் போகாதீங்க சார், அங்க ஒரு கொடி இருக்கு, ஆள கட்டி உள்ள இழுக்கும். அந்த ஆள் செத்த அன்னைக்கு சம்ப்பு பக்கத்துல கொடியே கிடையாது, அந்த சாவுக்கு அப்புறம் யாரும் அந்த பக்கம் போகாம விட்டதுல பின்னாடி வளந்தது. கதை எப்படி பொறக்குதுன்னு கண் முன்னாடி பாத்தேன். முனியாண்டி அடிச்சுட்டாருன்னும் ஒரு பக்கம் ஓடுச்சு. சாமிய நான் குறை சொல்லல, மில்லு கேட் பக்கத்துல இருக்கிற முனீஸ்வரருக்கு நானும் சுருட்டு பத்த வச்சு கும்பிட்டவன்தான், ஆனா சுருட்டு பத்த வைக்கிறத அந்த பள்ளத்துக்கு பக்கத்துல மட்டும் செஞ்சுடாதீங்க, மீத்தேன் இருக்கு.

உங்க மில்லுல செத்ததா சொல்ற ரெண்டு பேரும் இப்படித்தான் போனாங்களான்னு நான் இங்க இருந்து சொல்ல முடியாது. பாம்பா இருக்கலாம், ஹார்ட் அட்டாக்கா இருக்கலாம். ஆனா "ரெண்டு பேர்"ங்கிற கணக்கு எனக்கு பிடிக்கல. பள்ளத்துல ஒரே நேரத்துல ரெண்டு பேர்னா முதல் ஆளுக்கு கேஸு, ரெண்டாவது ஆளுக்கு பாசம். அமெரிக்காவுல நியோஷ்னு வேலையிட பாதுகாப்பு ஆராய்ச்சி பண்ற அரசாங்க அமைப்பு 1986ல சொன்னது, இந்த மாதிரி காத்து போகாத குறுகலான இடத்துல சாகுறவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்த இறங்குனவங்கன்னு. பின்னால அவங்களே எடுத்த கணக்குல மூணுல ஒரு பங்கு சொச்சம்னு குறைஞ்சுது. எத எடுத்தாலும் கொஞ்ச நஞ்சம் இல்ல. அந்த ரெண்டு பேர் ஒரே நாள்ல போனாங்களா, வேற வேற வருசமான்னு ஜாகாகிட்ட மெதுவா கேளுங்க.

போறதா வேணாமா? தனியா, மீட்டர் இல்லாம, ராத்திரியில, பள்ளத்துக்குள்ள இறங்குறது கூடவே கூடாது, இதுல பேச்சே இல்ல. குட்டை கரையில ரெண்டு பேரா நடந்து, மேல நின்னு பம்ப் ஓடுதா பாக்குறது வேற, அது வேலை, அதுக்கும் நாலு கேஸ் பாக்குற மீட்டர் நெஞ்சுல குத்தியிருக்கணும், இடுப்புல இல்ல பாக்கெட்ல இல்ல, மூச்சு விடுற இடத்துக்கு பக்கத்துல. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு கீழ இறங்குனாலோ ஹைட்ரஜன் சல்ஃபைட் 10ஐ தொட்டாலோ கத்தும், கத்துனா காத்து வர்ற திசைய பாத்து மேட்டுக்கு ஏறுங்க. துணி மாஸ்க், என் 95 எல்லாம் தூசிக்கு, கேஸுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது, அத போட்டுக்கிட்டு இறங்குன ஆள நான் பாத்திருக்கேன். பள்ளத்துல இறங்கித்தான் ஆகணும்னா 2010ல வந்த பாதுகாப்பு விதிமுறை ஒண்ணு இருக்கு, பெர்மிட், கேஸ் டெஸ்ட் பண்ண சர்டிஃபிகேட் உள்ள ஆள், மேல ஒருத்தர் காவல், கயிறு, இதெல்லாம் இல்லாம யாரையும் இறக்கக் கூடாது. மண்டோர் கோபப்படுவாருன்னு பயப்படுறீங்கன்னு புரியுது, மூணு வாரத்து ஆள் எப்படி முடியாதுன்னு சொல்றது. சட்டம் இப்ப உங்க பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு, 1994 வேலையிட பாதுகாப்பு சட்டத்த திருத்தி 2024 ஜூன் 1ல இருந்து, உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமா நினைச்சா, மொதலாளிகிட்ட சொல்லியும் அவங்க ஒண்ணும் செய்யலன்னா, அந்த இடத்த விட்டு விலக தொழிலாளிக்கு உரிமை இருக்கு. ஆனா உரிமைன்னு ஆரம்பிக்காதீங்க, "பாஸ், மீட்டர் குடுங்க, கூட ஒரு ஆள் குடுங்க, போறேன்"னு ஆரம்பிங்க, நிறைய இடத்துல அதுலயே வேலை முடிஞ்சிடும்.

கொடிய வெட்ட சொல்லுங்க, பகல்ல, நீளமான கம்புல தட்டித் தட்டி, கீழ என்ன பள்ளம் இருக்குன்னு தெரிஞ்சதும் சுத்தி வேலி போடட்டும். ரெங்காஸ் மரம் பக்கத்துல இருந்தா பால் மேல படாம பாத்துக்கணும், தோல் வெந்த மாதிரி ஆகிடும், நம்ம காட்டுல செடி நேரடியா செய்யிற கெடுதல்ல அதுவும் ஒண்ணு.

அந்த பம்ப் பள்ளம் எவ்ளோ ஆழம், உள்ள போறது படியா ஏணியா, ஆபிஸ்ல கேஸ் மீட்டர் இருந்தா அதுல ஒட்டியிருக்கிற காலிபிரேஷன் ஸ்டிக்கர்ல என்ன தேதி போட்டிருக்கு, இந்த மூணையும் நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சதும் இங்கயே எழுதுங்க, பாத்துட்டு சொல்றேன். அதுக்குள்ள அந்த பழைய ஜாகாகிட்ட நல்லா பழகி வச்சுக்கங்க, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் உங்க மில்லுல உருப்படியா சேஃப்டி டிரெய்னிங் குடுத்த ஒரே ஆள் அவருதான்.